றிப்போட் கைக்கு வந்தால்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் கிழமையில் எங்கள் வீட்டுப் படலை ஓயாது. 31 வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான்; முதலில் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், பிறகு வலிகாமத்தில். "ரீச்சர், இதை ஒருக்கால் பாருங்கோ" என்று வாசலில் நின்றபடியே றிப்போட்டை நீட்டுவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும், சொல்ல வந்து விழுங்கிவிட்ட சிலதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

றிப்போட்டை விரித்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேணும்?

வரவை. பாடசாலை நடந்த நாட்கள் எத்தனை, பிள்ளை போன நாட்கள் எத்தனை என்று ஒரு மூலையில் இருக்கும். பெரும்பாலானோர் அந்தப் பக்கம் திரும்புவதேயில்லை. 62 நாளில் 44 நாள் மட்டும் போன பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் 41 வந்தால், அந்த 41 பிள்ளையின் மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டெங்குக் காய்ச்சல், சித்தியின் கலியாணம், கோயில் திருவிழா என்று போன நாட்களைப் பற்றித்தான் சொல்கிறது.

அதன்பிறகு போன தவணை றிப்போட்டைப் பக்கத்தில் வைத்துப் பாடம் பாடமாகப் பாருங்கள். பிறகு வகுப்பாசிரியர் குறிப்பு. கூட்டுத்தொகை, சராசரி, நிலை எல்லாம் கடைசியில். நடப்பது என்னவோ தலைகீழ்தான். கண் நேரே அடிக்கு ஓடும், அங்கே ஒரு இலக்கத்தைக் கண்டுவிட்டால் மிச்சம் எதையும் வாசிக்காது.

"எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்பதில் என்ன பிழை?

வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்கலாம். பதிலில்தான் ஒன்றும் இருக்காது.

என் வகுப்பொன்றில் நடந்தது. ஒன்பது பாடம், மொத்தம் 900. முதலாம் பிள்ளை 803. அடுத்தவர்கள் 801, 800, 798, 797. ஆறு புள்ளிக்குள் ஐந்து பிள்ளைகள். சித்திரப் பாடத்தில் ஒரு பூச்சாடிக்கு இரண்டு புள்ளி கூடக் குறையப் போட்டிருந்தால் வரிசையே மாறியிருக்கும். ஐந்தாம் பிள்ளை விம்மி விம்மி அழுதுகொண்டு போனது. ஆறாம் பிள்ளைக்கு 741. அதாவது ஐந்தாம் பிள்ளைக்கும் ஆறாம் பிள்ளைக்கும் இடையில் 56 புள்ளி. ஆனால் றிப்போட்டில் எல்லாம் ஒரே உயரப் படிக்கட்டு மாதிரித்தான் தெரியும்: 1, 2, 3, 4, 5, 6.

இன்னொன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பிள்ளையாக இருந்தவளை நகரத்துப் பெரிய பாடசாலைக்கு மாற்றினார்கள். அடுத்த தவணை 27ஆம் பிள்ளை. ஒரு மாரிகாலத்துக்குள் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கரைந்து போகவில்லை. பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள்தான் வேறு. தாய் வந்து "பிள்ளை கெட்டுப்போச்சு ரீச்சர்" என்றார்.

அடுத்தது, 38 பேர் உள்ள வகுப்பு முழுதும் நன்றாகப் படித்து, எல்லாரும் பத்துப் பத்துப் புள்ளி கூட எடுத்தாலும், ஒரு பிள்ளை 38ஆம் பிள்ளைதான். முன்னேறியும் முன்னேறாததாகக் காட்டும் கணக்கு அது. பரீட்சைக்குப் பேர்போன சிங்கப்பூரே 2019இல் வகுப்பு நிலையைத் தேர்ச்சி அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டது.

போன தவணை கணிதம் 84, இந்தத் தவணை 60. அடி விழவேண்டிய இடம்தானே?

அடி எந்த இடத்திலும் விழவேண்டாம். முதலில் வகுப்பின் புள்ளி எப்படி என்று கேளுங்கள்.

போன தவணை வினாத்தாள் இலகு, வகுப்பின் இடை, அதாவது சராசரி, 80 என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை கடினம், இடை 45. அப்போது 84 எடுத்த பிள்ளை இடையைவிட நாலே நாலு புள்ளி மேலே. 60 எடுத்த அதே பிள்ளை பதினைந்து புள்ளி மேலே. உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் பார்க்கும் இசட் புள்ளியும் இதே கணக்குத்தான்: எடுத்த புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால், வகுப்பது. மேலே சொன்ன முதல் தவணையில் நியம விலகல் 8 என்றால் பிள்ளையின் இசட் 0.5. இரண்டாவதில் 10 என்றால் 1.5. வீட்டில் ஏச்சு வாங்கியது எந்தத் தவணைக்கு என்று பாருங்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சையில் 50 எடுத்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். அந்தத் தாளின் கடினம் அவனுக்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியாது.

ஆசிரியர் போடும் புள்ளி சரியானதுதானா?

ஏறத்தாழச் சரி. இதற்குமேல் யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பாடசாலை ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 பேர் திருத்தி அனுப்பினார்கள். ஒரே தாளுக்குக் கிடைத்த புள்ளிகள் 64இலிருந்து 98 வரை. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொன்னதும், அடுத்த வருடம் கேத்திரகணிதத் தாளொன்றை அனுப்பினார்கள். வித்தியாசம் இன்னும் கூடிப்போய் வந்தது.

என் கதையையும் சொல்கிறேன். மின்சாரம் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கில் இருந்து கட்டுரை திருத்திய காலம். ஒரு நாள் முதல் பத்துத் தாளை எழுத்துப்பிழை பார்த்துப் பார்த்து வெட்டினேன். இரவு பதினொரு மணிக்குக் கண் எரிந்தது, கை தாராளமாகிவிட்டது. ஏற்கனவே திருத்திய தாளொன்றைத் தவறுதலாக மறுபடி எடுத்து, இருபதுக்கு 14 போட்டேன். பின்பக்கத்தில் நானே போட்ட 9 இருந்தது. அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

அதனால்தான் 74க்கும் 75க்கும் இடையில் உயிரை விடாதீர்கள் என்கிறேன். 75 என்றால் ஏ, 74 என்றால் பி. எழுத்து மாறுகிறது, பிள்ளைக்குத் தெரிந்தது மாறவில்லை.

புள்ளி இல்லாமல், என்ன பிழை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்களா?

இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் புள்ளி மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதுக்குப் புள்ளியும் குறிப்பும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள்தான் மேலும் நன்றாகச் செய்வார்கள் என்று நினைப்போம். இல்லை, புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள்.

எனக்கு அதில் வியப்பில்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுத்ததும் பிள்ளை இலக்கத்தைப் பார்க்கும், பக்கத்தில் இருப்பவனின் இலக்கத்தைப் பார்க்கும், கொப்பியை மூடும். சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிய நாலு வரி அங்கேயே கிடக்கும். பிறகு நான் ஒரு தந்திரம் செய்தேன். கட்டுரையில் பிழைகளைக் குறித்துக் கொடுத்துவிட்டு, புள்ளியை இரண்டு நாள் கழித்துச் சொல்வது. முதல் முறை வகுப்பே கொந்தளித்தது. ஒரு தகப்பன் அதிபரிடம் போய் முறைப்பாடும் செய்தார். மூன்றாம் முறை பிள்ளைகள் ஓரக்குறிப்பை வாசிக்கத் தொடங்கினார்கள், வேறு வாசிக்க ஒன்றும் இல்லாதபடியால்.

"முயன்றால் முன்னேறலாம்" என்று எல்லா றிப்போட்டிலும் இருக்கிறதே?

நானும் எழுதியிருக்கிறேன். 42 றிப்போட், ஒரு சனிக்கிழமை, திங்கட்கிழமை அதிபரின் மேசைக்குப் போகவேண்டும். முதல் எட்டுப் பிள்ளைக்கு யோசித்து எழுதுவோம். பிறகு "நன்று", "இன்னும் முயல்க", "கவனம் தேவை" என்று கை தானாக ஓடும். இது சோம்பல் மட்டுமல்ல. குறிப்புக்கு விட்ட இடம் இரண்டு விரல் அகலம், அதற்குள் ஒரு பிள்ளை அடங்காது.

அந்தக் குறிப்பை வைத்துத் தலையை உடைக்காமல் ஆசிரியரை நேரில் கண்டு கேளுங்கள். போய் "அவன் எப்பிடி மிஸ்?" என்று கேட்டால் "பரவாயில்லை, கொஞ்சம் கவனம் காணாது" என்றுதான் பதில் வரும். கேள்வி மொட்டையென்றால் பதிலும் மொட்டைதான். விடைத்தாளைக் கையில் கொண்டு போங்கள். "இந்தக் கணக்கில எந்த இடத்தில பிழைக்குது?" என்று கேளுங்கள். கணிதத்தில் 47 எடுத்த பையனொருவனின் தாளைத் தாயும் நானுமாக விரித்துப் பார்த்தோம். இழந்த புள்ளியில் பெரும்பகுதி ஒரே இடத்தில்: பின்னம் கூட்டத் தெரியாது. சமன்பாட்டில் பின்னம், சதவீதத்தில் பின்னம், விகிதத்தில் பின்னம். ஆறு அலகிலும் பிழைத்தது ஒரே பிழை. இரண்டு கிழமை, தோசையை வெட்டி வெட்டிச் செய்த வேலை. தாய் அதுவரை மூன்றாவது ரியூசன் தேடிக்கொண்டிருந்தார்.

நல்லாகப் படித்த பிள்ளை திடீரென்று விழுந்தால்?

முதலில் கண்ணைக் காட்டுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். கரும்பலகை தெரியாத பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். தரம் 1, 4, 7, 10இல் சுகாதாரப் பகுதியினர் பாடசாலைக்கு வந்து மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். அன்றைக்குப் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள், தந்துவிடும் துண்டை வாசியுங்கள். கண்ணும் காதும் சரி, வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறது, எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் தடுமாறுகிறது என்றால் அது வாசிப்பு இடர்பாடாக இருக்கலாம். "மொக்கு" என்று பெயர் வைக்க முன் வைத்தியரிடம் போங்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் வீட்டைப் பாருங்கள். தகப்பன் வெளிநாடு போன தவணை, தாய் தகப்பன் கதைக்காமல் இருந்த தவணை, எல்லாம் றிப்போட்டில் தெரியும். இதை நான் பெற்றோரிடம் நேரே சொன்னது குறைவு. விழுங்கியவற்றில் இதுவும் ஒன்று.

தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு ஐந்து குறைவு. பிள்ளையின் எதிர்காலம்?

பத்து வயது. எதிர்காலம் அங்கேயேதான் நிற்கிறது.

அந்தப் பரீட்சை எதற்கென்று மறந்துவிட்டோம். வசதி குறைந்த வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப்பணமும், வேண்டுமானால் வசதியான பாடசாலையில் ஓர் இடமும் கொடுக்கத்தான் அது. உதவிப்பணத்துக்கு வீட்டு வருமானமும் பார்க்கப்படும். 200 புள்ளிக்கு இரண்டு வினாத்தாள். முதலாவதில் 40 வினா, ஒரு மணித்தியாலம். அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். வேகமாக யோசிக்கும் பிள்ளைக்கு நல்லது. ஆறுதலாக யோசிக்கும் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை, ஆறுதலாக யோசிப்பவர்கள் பிறகு நல்ல பொறியியலாளராக வருவதை நான் கண்டிருக்கிறேன்.

சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போட்டு மதிலில் கட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. படம் இல்லாத பிள்ளையும் அந்த மதிலைத் தாண்டித்தான் அடுத்த நாள் உள்ளே போகவேண்டும்.

யாழ்ப்பாணத்தார்தான் புள்ளி புள்ளி என்று இப்படி அலைகிறார்கள் என்று சொல்கிறார்களே?

அலைவதற்குக் காரணம் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மண், துண்டு துண்டான காணி. வட்டுக்கோட்டையில் மிசனரிமார் 1823இல் செமினரி தொடங்கினார்கள், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். படித்தவன் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளாக்கராகப் போய்ச் சம்பளம் அனுப்பினான். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்ற சொல் அந்த வயிற்றிலிருந்து வந்தது; கோறணமேந்து என்றால் அரசாங்கம்.

பிறகு 1970களில் தரப்படுத்தல். பல்கலைக்கழகத்தில் ஒரே பீடத்துக்குப் போகத் தமிழில் எழுதியவன் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சில புள்ளிகளால் வீட்டோடு நின்றவர்களை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. இப்போதும் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில் என்று பிரிக்கும்போது, தசமதானத்தில் ஒரு பிள்ளை தவறும். ஆகவே அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணமாட்டேன்.

ஆனால் அந்தப் பயம் உயர்தரப் பரீட்சைக்கு உரியது. அதை இறக்கி இறக்கி, சாதாரண தரத்துக்கு, தரம் 5க்கு, இப்போது தரம் 2 பிள்ளையின் தவணைப் பரீட்சைக்கே கொண்டுவந்துவிட்டோம். தரம் 2இல் சுற்றாடல் பாடத்துக்கு எத்தனை என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காது. உயர்தரத்துக்கு முந்திய தவணை றிப்போட் ஒன்றுகூட அனுமதிக் கணக்கில் சேராது. சாதாரண தரத்தில் ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று சி, அதுதான் உயர்தர வகுப்பின் வாசல். அதற்கு முந்திய றிப்போட்டெல்லாம் வீட்டுக்குள் பேச மட்டும் எழுதியவை. பிழை விடக்கூடிய இடம் அதுதான், அங்கேயும் பிழை விடக்கூடாது என்றால் பிள்ளை எங்கே போய் விடும்?

வெளிநாட்டில் புள்ளியே போடுவதில்லையாமே?

நாட்டுக்கு நாடு வேறு. நோர்வேயில் ஏழாம் வகுப்பு வரை புள்ளி கிடையாது, எட்டிலிருந்துதான். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கையின் மகளின் றிப்போட்டில் பாடங்களுக்கு முன்னால் பொறுப்பு, ஒழுங்கு, தனித்து வேலைசெய்தல், கூடி வேலைசெய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு வரி வரும். எனக்கு அந்த ஆறு வரியில் ஆசை. ஒன்ராறியோவில் பி என்றால் மாகாணம் எதிர்பார்க்கும் தரத்தை எட்டியாயிற்று என்று பொருள். தங்கை அதை நம்பவில்லை, பி கண்டதும் கணித ரியூசன் போட்டுவிட்டாள். ஊரை விட்டாலும் ஊர் விடாது.

கொக்குவிலில் ஓர் ஆச்சிக்கு ஒரு பேரன் ஜேர்மனியில், ஒரு பேத்தி சுவிசில். இரண்டு றிப்போட்டும் வட்ஸ்அப்பில் வந்தன. பேரனுக்குக் கணிதத்தில் 1, பேத்திக்கு 6. "ரெண்டும் நூறுக்கோ பிள்ளை?" என்று ஆச்சி என்னிடம் கேட்டார், முகம் வெளிறிப்போய். ஜேர்மனியில் 1தான் உச்சம், சுவிசில் 6தான் உச்சம் என்று விளக்க அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் "அப்ப ஆர் கூட?" என்றார்.

முதலாம் பிள்ளை வந்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லலாமா?

சைக்கிள் தேவையென்றால் வாங்கிக் கொடுங்கள். சைக்கிளை மறித்து நடக்க வைத்ததால் யாரும் முதலாம் பிள்ளை ஆனதில்லை.

அப்பாவின் கையெழுத்தை மகனே போட்டுக் கொடுத்துவிட்டான்.

என்னிடம் வந்தவற்றில் பிள்ளை போட்டது அப்பா போட்டதைவிடத் தெளிவாக இருக்கும், அதில்தான் பிடிபடும். ஏசுங்கள், வேண்டாம் என்கவில்லை. ஏசி முடிந்தபின், 38 புள்ளியை உங்களுக்குக் காட்டுவதைவிடக் களவுக் கையெழுத்துப் போடுவது அவனுக்கு ஏன் இலகுவாக இருந்தது என்று ஒருக்கால் யோசியுங்கள். போன றிப்போட்டுக்கு வீட்டில் என்ன நடந்தது?

பழைய றிப்போட்டுகளை வைத்திருக்க வேணுமா?

பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு, இவற்றைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்கும் பயணத்துக்கும் கேட்பது இவற்றைத்தான். தொலைந்தாலும் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும், விடுகைப் பத்திரத்தைப் பாடசாலையிலும் விண்ணப்பித்து எடுக்கலாம். தவணை றிப்போட்டை யாரும் கேட்கவும் மாட்டார்கள், தொலைந்தால் மறுபடி தரவும் மாட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, கையில் இருந்த பைகளில் காணி உறுதியும் சான்றிதழ்களும்தான். எங்கள் வீட்டுப் பையில் என்னுடைய ஏழாம் வகுப்பு றிப்போட் ஒன்றும் வந்துவிட்டது. பங்கீட்டு அட்டையை அதற்குள் செருகி வைத்திருந்தபடியால். "நல்லாகக் கேள்வி கேட்பார். பதில் வரும்வரை பொறுப்பதில்லை" என்று என் வகுப்பு ரீச்சர் எழுதியிருக்கிறார். நிலை என்ற இடத்தில் 11. பத்தாம் பிள்ளை யார் என்று எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இப்போது 85 வயது, பெயரோடு சொல்லுவார்.